தம்பி பெண்சாதிக்குக் கிடைத்த நான்காம் மட்டம்

என் தம்பி கல்யாணம் முடித்த நாளிலிருந்தே அவன் பெண்சாதியை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் பிடித்திருந்தது. என்னைவிட அவள் கெட்டிக்காரி என்று தெரிய வந்த பிறகுதான் பிடிக்காமல் போனது.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியில், வீட்டின் முன்னறையை மறித்து நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாகிறது. ஹபாயா, சல்வார், சாரிச் சட்டை, பள்ளிக்கூட யூனிஃபோம் எல்லாம் தைப்பேன். உப்பு லொறி போகும்போது கதவைச் சாத்தாவிட்டால் வெள்ளைத் துணி முழுக்கத் தூசியாகிவிடும். அதைத் தவிரத் தொழிலில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் நல்ல சட்டை உடுத்திக்கொண்டு போனால் யார் தைத்தது என்று எவரும் கேட்பதில்லை. நான்தான் என்று தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி பெண்சாதி சிலாபம் பக்கத்துப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன் ஐந்தாறு வருடம் காமன்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தவள். பள்ளிக்கூடத்தில் சிங்கள மீடியம். தமிழை எங்களைப் போலவே பேசுவாள், ஆனால் வாசிக்கத் தெரியாது. பஸ்ஸின் போர்டைக்கூட சிங்கள எழுத்தில் பார்த்துத்தான் ஏறுவாள். தம்பி கேட்டுக்கொண்டதால் அவளை என் கடையில் சேர்த்துக்கொண்டேன். பொத்தான் தைப்பது, ஓரம் அடிப்பது, நூல் பிரியாமல் ஓவர்லொக் போடுவது அவள் வேலை. வெட்டுவது என் வேலை. துணியில் கத்தரிக்கோல் வைக்க நானாக அவளை விட்டதே இல்லை. கேட்டால், "காமன்ட்ல நீ கொலர் மட்டும்தானே புள்ள தச்ச" என்று சொல்லிவிடுவேன். அவளும் சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பாள்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் தையல்காரியிடம் வந்து நின்று உடம்பை அளக்கக் கொடுப்பதில்லை. தைக்கிறவள் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு பையில் புதுத்துணியையும், அதற்குமேல் ஒரு பழைய சட்டையையும் மடித்து வைத்து அனுப்புவார்கள். அந்தப் பழையதுதான் அளவுச் சட்டை. கூடவே ஒரு செய்தியும் வரும்: இடுப்பில் ரெண்டு விரல் லூஸ், கை அரைச் சாண் நீளம். நான் அளவுச் சட்டையைத் துணிக்குமேல் விரித்து, விரலால் கூட்டிக் குறைத்து, சோக்கால் சுற்றிக் கீறி வெட்டிவிடுவேன். பிள்ளை பெற்றபின் பெருத்துப்போனவர்கள்கூடக் கல்யாணத்துக்கு முந்திய சட்டையைத்தான் அளவுக்கு அனுப்புவார்கள். ஒன்றும் கேட்காமல் நான் மூன்று விரல் கூட்டிவிடுவேன். "அளவு அப்பிடியே நிக்கி" என்று அவர்களுக்குச் சந்தோஷம். பதினேழு வருடத்தில் அளவு நாடாவை நான் துணியின் நீளம் பார்க்கத்தான் எடுத்திருக்கிறேன். ஒரு மனுஷியின் உடம்பில் அதைச் சுற்றியதே இல்லை.

அவள் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரிய வந்ததும் ஒரு அளவுச் சட்டையால்தான். ஒரு கல்யாண வீட்டார் பெண்ணின் சட்டை என்று நினைத்து அவளுடைய தங்கச்சியின் சட்டையை அனுப்பிவிட்டார்கள். நான் அதை வைத்து வெட்டித் தைத்தும் முடித்தாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெண்ணும் அவளுடைய உம்மாவும் கடைக்கே ஓடி வந்தார்கள், உடுப்பு பெண்ணின் தோளில் ஏறவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி பெண்சாதி தன் கைப்பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தாள். பெண்ணை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்து ஒரு கடதாசியில் பதினொரு இலக்கம் எழுதி, தையலைப் பிரித்து, மிச்சத் துணியில் இரண்டு துண்டு வெட்டி அக்குளில் சேர்த்தாள். அஸர் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. அந்த உடுப்பு நான் தைத்ததைவிட நன்றாக விழுந்தது. பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தார். நான் அந்தத் துஆவை வாங்கிக்கொண்டேன். "இவதான் செஞ்சா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் தையல் மெசினில் இருக்கும்போது அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்காவது கோணல் வந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும். அதிகம் வரவில்லை.

அந்த வருடம்தான் சந்திக்குக் கிட்ட இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு தொடங்கப் போவதாகவும், போதனாசிரியர் ஒருவர் தேவை என்றும் கேள்விப்பட்டேன். ஓ.எல். பரீட்சையில் கணக்குக் கோட்டைவிட்டதோடு என் படிப்பு நின்றுபோனது. வாப்பா மௌத்தான பிறகு தையல் தைத்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தேன். ஒரு வகுப்பில், ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம்.

நிலையத்தில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். "தாத்தா, நீங்க கோர்ஸ் ஒண்டும் செய்யத் தேவல்ல. இவ்வளவு காலம் செஞ்ச வேலைய வச்சே சோதிச்சு மட்டம் குடுக்கலாம். நாலாம் மட்டம் கெடச்சா இந்த வேலைக்குப் போடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது. தேசிய தொழிற்தகைமை என்று அரசாங்கம் கொடுக்கிற இந்த மட்டங்களைப் பற்றி நான் அன்றைக்குத்தான் விவரமாகக் கேட்டேன். மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கியது. ஏழு படி வரைந்து ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தது. அவர் படிவம் தேடி எடுக்கும்வரை நான் அதை வாசித்தேன். கடினமான தமிழ். என் மண்டையில் நின்றது இவ்வளவுதான்: ஒன்றாம் மட்டத்துக்காரர் தொழிலுக்குள் காலெடுத்து வைத்தவர். இரண்டாம் மட்டத்துக்காரரை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்றாம் மட்டத்துக்காரரை எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும். நான்காம் மட்டத்துக்காரர் தானே பொறுப்பெடுத்துத் தனியாகச் செய்வார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு, பட்டத்துக்குச் சமம்.

நான் இவ்வளவு காலமும் வேலையின் அழகை வைத்துத்தான் ஆட்களை எடைபோட்டிருந்தேன். இந்த அட்டவணையில் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உன் வேலையைச் செய்ய உனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் எவ்வளவு தேவை என்பதுதான் கணக்கு. எனக்கு அது மிகவும் பிடித்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லையே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஊரையே மட்டம் பிரித்துக்கொண்டு வந்தேன். என் புருஷன் உப்பு லொறி ஓட்டுகிறவர். லொறியில் நான்கு, வீட்டு வேலையில் ஒன்றுக்கும் கீழே. மீன் வெட்டித் தருகிற மனுஷிக்கு ஐந்து கொடுத்தேன். பேக்கரிக்காரருக்கு அந்தக் கிழமை பாண் கருகியதால் இரண்டு. தம்பி பெண்சாதிக்கு இரண்டரை. அரை மட்டம் என்று ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு போட மனம் உறுத்தியது, மூன்று போட மனம் வரவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் மறுநாளே கடையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஓவர்லொக் மெசினை நிறுத்தினாள்.

"மதினி, எனக்கும் போடேலுமா?"

"ஒனக்கு என்னத்துக்குப் புள்ள?"

"சும்மா போட்டுப் பாக்கத்தான். கெடைக்காட்டிப் பரவால்ல. வேலை செய்ற எடத்துல ஒரு கடிதம் கேப்பாங்கதானே, அத நீங்க தந்தீங்கெண்டா போதும்."

அவள் சும்மா கேட்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கியது. அவளுடைய கண்ணிலும் அந்தக் கரும்பலகை இருந்தது. என் வயிறு எரிந்தது. என் கடையில், என் கதிரையில் இருந்துகொண்டு, என் ஆசைக்கே கை நீட்டுகிறாளே என்று எரிந்தது.

கடிதத்தை அன்று பின்னேரமே எழுதினேன். "இவர் எனது கடையில், எனது முழுமையான மேற்பார்வையின் கீழ், பொத்தான் தைத்தல், ஓரம் அடித்தல் போன்ற உதவி வேலைகளைச் செய்து வருகிறார்." இவ்வளவுதான் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். முழுமையான மேற்பார்வை எந்தப் படியில் நிற்கிற சொல் என்று சுவரில் பார்த்துவிட்டு வந்தவள் நான். தெரிந்துதான் எழுதினேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாண உடுப்பைப் பற்றி எழுதவில்லை.

அவள் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன எழுதீக்கு மதினி, வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றாள்.

வாசித்துக் காட்டினேன். "இவர் எந்த உடுப்பையும் தனியாகவே அளந்து, வெட்டி, தைத்து முடிக்கக்கூடியவர். எனக்கு வலது கை மாதிரி. இவருக்கு எந்தப் பொறுப்பையும் நம்பிக் கொடுக்கலாம்." கடதாசியில் வரி தீர்ந்த பிறகும் வாசித்துக்கொண்டே போனேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நெனச்சீக்கீங்களா மதினி?" என்று கேட்டாள். "ஓம் புள்ள" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் கடிதத்தைக் கிழித்து வேறு எழுதும் அளவுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

சோதனை நாளில் எங்கள் இருவரையும் தம்பிதான் ஓட்டோவில் கொண்டுபோய் விட்டான். மதிப்பீட்டாளர்கள் இருவரும் பெண்கள். ஒருவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், மற்றவருக்குச் சிங்களம் மட்டும்தான். முதலில் கடதாசி பார்த்தார்கள். நான் தைத்த உடுப்புகளின் படங்களையும், பதினேழு வருடமாகத் தைக்கிறேன் என்று கிராம சேவகர் தந்த கடிதத்தையும் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு அவளுடைய கடதாசிக் கோவையைத் திறந்தார்கள். தமிழ் தெரிந்தவர் என் கடிதத்தை எடுத்து மற்றவருக்காகச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. கடிதம் தமிழில் இருப்பதையும், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததையும் மட்டும்தான் நினைத்திருந்தேன். அதை ஒருவர் அவள் படித்த பாஷையில் அவளுக்கு முன்னாலேயே சொல்லக்கூடும் என்று நினைக்கவில்லை. அவள் முதலில் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசித்துக் காட்டிய வசனங்கள் இனி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். அவளிடம் ஏதோ கேட்டார்கள், ஏதோ பதில் சொன்னாள். என் காதில் விழவில்லை. தமிழ் தெரிந்தவர் கோவையை மூடிவிட்டு, "கடிதம் கடிதந்தான். கைவேலையில் பார்ப்போம்" என்றார்.

கைவேலை இதுதான்: ஒருவரை ஒருவர் அளந்து, அளவுகளை எழுதி, பிரவுண் பேப்பரில் மாதிரி வரைந்து, மூன்று மணிக்குள் ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும்.

"அளவுச் சட்டை தர மாட்டீங்களா?" என்று கேட்டேன். தமிழ் தெரிந்தவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

முதலில் அவள் என்னை அளந்தாள். அவளுடைய விரல் என் பிடரியில் பட்டபோது எனக்கு உடம்பு கூசியது. அதுவரை என் உம்மாவைத் தவிர எந்தப் பெண்ணும் என்னை அங்கே தொட்டதில்லை. கழுத்து, தோள், முதுகு, நெஞ்சு, இடுப்பு என்று வரிசையாகப் போனாள். ஒவ்வொரு இடத்திலும் நாடா ஒரு கணம்தான் நின்றது. அவளுடைய முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் கோபம் தேடினேன். வேலையில் இருக்கும் ஒருத்தியின் முகம்தான் அது. அந்த நேரத்தில்கூட, இவளுக்கு இது எவ்வளவு லேசாக வருகிறது என்றுதான் எனக்கு எரிந்தது.

பிறகு என் முறை. நாடாவைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றேன். இடுப்பும் நெஞ்சும் பரவாயில்லை, சுற்றினால் சரி. தோளில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? அளவுச் சட்டையில் அதற்கு ஒரு தையல் இருக்கும். மனுஷியின் தோளில் தையல் இல்லை. மதிப்பீட்டாளர் இருவரும் பேனையோடு நின்றார்கள்.

அப்போது அவள் முக்காட்டைச் சரிசெய்வதுபோலக் கையைத் தூக்கினாள். ஒரு விரலைத் தோளின் முனையில் இருக்கும் எலும்பில் வைத்து, அங்கேயே நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. நாடாவை அந்த விரலடியில் வைத்தால் போதும். கடிதத்தைக் கேட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் இவள் எனக்கு வழி காட்டுகிறாள். அவள் என்னை முறைத்திருந்தால் நான் அந்த விரலைக் களவாடியாவது பாவித்திருப்பேன். அவள் நல்லவளாக இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இவள் காட்டியா நான் நான்காம் மட்டம் எடுப்பது என்று, நாடாவை வேண்டுமென்றே இரண்டு விரல் கீழே வைத்து அந்த இலக்கத்தை எழுதினேன்.

அதற்குப் பிறகு என்ன தைத்தாலும் சரிவருமா? என் தையல் என்னவோ நூல் பிடித்தாற்போல நேராகத்தான் இருந்தது. சட்டையை அவளுக்குப் போட்டுப் பார்த்தபோது தோள் வழுகிக் கையில் விழுந்தது. அவள் எனக்குத் தைத்தது என் உடம்பிலேயே முளைத்ததுபோல நின்றது.

பெறுபேறு வந்தபோது எனக்கு மூன்று, அவளுக்கு நான்கு. வேலையை அலகு அலகாகப் பிரித்திருந்த என் தாளில் மற்ற ஒவ்வொரு அலகுக்கும் நேரே "தேர்ச்சி" என்றும், அளவெடுத்தலுக்கும் மாதிரி வரைதலுக்கும் நேரே "இன்னும் தேர்ச்சியில்லை" என்றும் இருந்தது. உத்தியோகத்தர் மெதுவாகத்தான் சொன்னார். "ஒங்கட தையல்ல ஒரு குறையும் இல்லையாம் தாத்தா. ஆனா நாலாம் மட்டத்துக்கு எல்லா அலகும் வேணும். ஒண்டு கொறஞ்சாலும் குடுக்கேலா. அடுத்த தரம் அந்த ரெண்டையும் மட்டும் செஞ்சாக் காணும்." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஊரை மட்டம் பிரிக்கவில்லை.

ஒரு கிழமையில் அவளுக்கு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் வகுப்பு எடுக்க வரச் சொல்லி இருந்தது. அவள் என் கடைக்கு வந்து, அதை என்னிடம் காட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, "மதினி, வந்தீக்கு" என்றாள். "மாஷா அல்லாஹ்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் எல்லோரும் உம்மா வீட்டில் சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்தபோது உம்மா தொடங்கினார். "பதினேழு வருசம் தச்சவளுக்கு மூணாம். நேத்து வந்தவளுக்கு நாலாமா? சிங்களம் தெரிஞ்சதால அவங்களோட கதச்சு எடுத்துக்கொண்டா. இவட எடத்தத்தான் எடுத்தா." தம்பி பெண்சாதி சாப்பிட்ட பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோளெலும்பில் வைத்த விரலைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவளோடு சண்டையாவது பிடித்திருப்பேன்.

தம்பி கோப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"தாத்தா, நீங்க சொல்லுங்க. நீங்க தச்சுத்தான் நான் படிச்ச. அங்க அநியாயம் நடந்தீந்தா இவ அந்த வேலைக்குப் போகத் தேவல்ல. உம்மா சொல்ற மாதிரியா நடந்த?"

அவள் பீங்கானைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்பிய பார்வை. "இல்ல, அவ நல்லாத்தான் செஞ்சா" என்று சொல்ல நாலு சொல் போதும். அந்த நாலு சொல்லும் என் நாக்கில் இருந்தன. அடுத்த மாதம் அவள் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதும், ஊர்ப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நிற்பதும் கண்ணுக்குள் வந்தது.

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

அவள் பீங்கான்களைக் குசினிக்குக் கொண்டுபோனாள். உம்மா பெருமூச்சு விட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். அந்த வேலைக்கு அவள் போகவில்லை; குருநாகல் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் அதற்கு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தன் கதிரையில் இருந்து, ஊசியை வெளிச்சத்துக்குப் பிடித்து நூல் கோர்த்தாள்.

"இண்டைக்கு எத்தின சட்டைக்கு மதினி பொத்தான்?" என்று கேட்டாள்.